பாண்டி வண்டியில் வந்த சம்பந்தி

மாப்பிள்ளையிடம் ரசீது கேட்கலாமா?

சுப்புராமனிடம் இதைச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார். கல்பாக்கத்தில் பழைய டெக்னீஷியன் அவர். மீட்டரில் முள் லேசாக ஆடினாலும் இரண்டு தரம் சோதித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், மூத்த மாப்பிள்ளை பிரவின்குமார் மாமனாரின் பணத்தில் அவருக்காகப் புதுச்சேரியிலிருந்து ஒரு பழைய எஸ்டீம் காரை வாங்கிவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தியபோது, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நம்பர் பலகையில் மட்டும் கண் கொஞ்சம் நின்றது.

"பாண்டி நம்பரா இருக்கே மாப்பிள்ளை?"

"தமிழ்நாட்டு வரியைக் கட்டியாச்சு மாமா. நம்பர் மாத்தறதுதான் பாக்கி."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்."

அவ்வளவுதான் விசாரணை. மாப்பிள்ளையைப் பார்த்து ரசீதைக் காட்டு என்று எந்த மாமனார் கேட்பார்? கேட்டால் பெண்ணின் தலையில் அல்லவா விடியும்!

நிஜத்தில் வரி கட்டவே இல்லை. பிரவின்குமாருக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி, சுப்புராமனின் மூத்த மகள் சுந்தரிக்கும் தெரியும். காரை விற்ற அப்துல் சுபஹான் ஒளிவு மறைவு இல்லாதவர். "தம்பி, இது பாண்டி வண்டி. உங்க ஊர்ல ஓட்டணும்னா அங்க தனியா வரி கட்டணும், நான் கட்டல. அதுக்குத்தான் விலையில விட்டுக் கொடுக்கறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். சுந்தரி அப்போது பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

வரிக்கென்று மாமனார் தனியாகக் கொடுத்த பணம் படூரில் ஒரு மனைக்கு அட்வான்ஸாகப் போய்விட்டது. சென்ற வாரம் சுந்தரி அதைக் கேட்டே விட்டாள். அதற்கு அந்தப் புண்ணியவான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"உங்கப்பாகிட்ட வாயைத் திறந்துபாரு. அன்னிக்கே உன்னைக் கொண்டாந்து அவர் வீட்டுல விட்டுடுவேன். வாழாவெட்டி அக்கா ஒருத்தி வீட்டுல உக்காந்திருந்தா, உன் தங்கச்சியை எவன் கட்டுவான்னு பார்க்கலாம்."

சுந்தரி வாயை மூடிக்கொண்டாள். தங்கை ரோகிணிக்காகத்தான் மூடினேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி நிஜம்.

இன்று அந்த ரோகிணிக்குத்தான் நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை அபிஷேக்குக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் நண்பர்களோடு வந்துவிடுவான். அவன் அப்பா செங்கல்வராயனும் அம்மா ஜெகதாம்பாளும் திருத்தணியிலிருந்து ரயிலில் காலையிலேயே செங்கல்பட்டு வந்து இறங்கினார்கள். அவர்களைத் தன் சொந்தக் காரில் அழைத்து வரவேண்டும் என்பது சுப்புராமனின் ஆசை. சைக்கிளும் ஸ்டாஃப் பஸ்ஸுமாகவே காலத்தைத் தள்ளியவர், பாவம். ஒரே ஒரு நாள் சம்பந்தியின் முன்னால் கார்க் கதவைத் திறந்துவிட்டு நிற்க ஆசைப்பட்டார். அது ஒரு குற்றமா?

செங்கல்வராயன் வணிக வரித்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கை சுத்தம். அந்தச் சுத்தத்தை அவரே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார் என்பதுதான் கஷ்டம். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஒரு வியாபாரி தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டாந்தான். அப்படியே தூக்கித் தெருவுல வெச்சேன். வரியில ஏமாத்தறவன் பெத்த தாயையும் ஏமாத்துவான் சார்!"

"உண்மைதான் சம்பந்தி" என்று பின் சீட்டிலிருந்து தலையாட்டினார் சுப்புராமன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த பிரவின்குமாரோ, "நூத்துல ஒரு வார்த்தை சார்" என்று ஒத்து ஊதினான். என்ன நெஞ்சழுத்தம்!

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஜெகதாம்பாள் ஜன்னல் வழியே மலையைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மன் பேரும் இங்க திரிபுரசுந்தரிதானே? உன் பேரே அதுதானாமே, உங்கப்பா சொன்னாரு" என்று சுந்தரியின் கையைப் பிடித்தாள். நல்ல மனுஷி. மடியில் பழத்தட்டையும் புடவைத் தட்டையும் ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அந்த நேரத்தில்தான் புளியமரத்தடியில் நின்ற ஜீப் தெரிந்தது. காக்கி போட்ட ஆள் ஒருவன் நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டினான்.

"பாண்டி வண்டியா? இன்னா சார், ஓரங்கட்டு ஓரங்கட்டு!"

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் அவசரமில்லாமல் வந்தார். முன்கண்ணாடியைப் பார்த்தார். குனிந்து உள்ளே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"கல்பாக்கம் சார், குவார்ட்டர்ஸ்" என்றான் பிரவின்குமார்.

"ஊர் கல்பாக்கம், நம்பர் பாண்டி. தமிழ்நாட்டுல டாக்ஸ் கட்டின ரசீது எங்கே?"

சுப்புராமன் நிம்மதியாகச் சிரித்தார். "எல்லாம் கட்டியாச்சு சார். மாப்பிள்ளை, அதை எடுத்துக் காட்டிடுங்க."

பிரவின்குமார் திரும்பினான். நம்புங்கள், அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"என்ன மாமா இது? உங்களைத்தானே கட்டச் சொன்னேன்? வண்டி வாங்கின அன்னிக்கே சொன்னேனே. கட்டலையா நீங்க?"



"வண்டி யாருது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாமாவோடது சார். விசேஷம்னு நான் சும்மா ஓட்டிக்கிட்டு வந்தேன்."

சுப்புராமனின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. மாப்பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை, 'அப்பா கொடுத்தார்' என்று ஒரே ஒரு வார்த்தை சுந்தரி சொல்லியிருந்தால் போதும். அவள் மடியிலிருந்த வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெரிய மாப்பிள்ளையைப் புதுச் சம்பந்தியின் முன்னால் பொய்யன் என்பதா? அப்புறம் சுந்தரி அவனோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவாள்? சுப்புராமனுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

"ஆமா சார்" என்றார். "நான்தான் கட்டல."

"கட்டலையா, இல்ல கட்டாமலே ஓட்டிடலாம்னு பார்த்தீங்களா?"

இன்ஸ்பெக்டரே கார்க் கதவைத் திறந்தார்.

"எல்லாரும் இறங்குங்க. வண்டி ஆபீசுக்குப் போகணும். ஓனர் நீங்க கூட வாங்க."

சுப்புராமன் தடுமாறிக் கீழே இறங்கிக் கை கூப்பினார். "சார், பொண்ணுக்கு நிச்சயதார்த்தம் சார். இவங்க என் சம்பந்தி. இவங்களை வீட்டுல விட்டுட்டு நானே கொண்டாந்து ஒப்படைக்கறேன்."

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் இளகியிருப்பாரோ என்னவோ. அதற்குள் செங்கல்வராயன் இறங்கி வந்துவிட்டார்.

"எங்களுக்காக ஒண்ணும் பார்க்காதீங்க. சட்டப்படி செய்யுங்க. நானும் வரித்துறையில இருந்தவன்தான்."

"இன்னாங்க, நடுரோட்ல!" என்று ஜெகதாம்பாள் தவித்தாள். "தட்டெல்லாம் எடுத்துகினு எப்படிப் போறது?"

"பஸ்ல போவோம். டிக்கெட் வாங்கிப் போற வண்டியில போவோம்" என்றார் செங்கல்வராயன். அதைச் சுப்புராமனைப் பார்த்தே சொன்னார்.

பிரவின்குமார் ஓடிவந்து சம்பந்தியம்மாவிடமிருந்து தட்டுகளை வாங்கிக்கொண்டான். "நான் இவங்களைப் பத்திரமா கூட்டிட்டுப் போறேன் மாமா. நீங்க ஆபீஸ் வேலையைப் பாருங்க" என்றான், ஏதோ பெரிய உபகாரம் பண்ணுகிறவன் போல.

காக்கி ஆள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். சுப்புராமன் பின் சீட்டில் தனியாக ஏறினார். கார் செங்கல்பட்டுப் பக்கம் திரும்பிப் போனது. கதவிடுக்கில் அவருடைய வேட்டியின் ஜரிகைக் கரை மாட்டி வெளியே தொங்கிக்கொண்டு போனதை சுந்தரி பார்த்தாள். கத்திச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. ஜெகதாம்பாள் பட்டுப்புடவையில் ஒரு கோழிக்கூடைக்கும் ஒரு மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவே நின்றுகொண்டு வந்தாள். கல்பாக்கம் வந்து சேரும்வரை செங்கல்வராயன் வாயைத் திறக்கவில்லை. வாய் ஓயாத மனிதர் பேசாமல் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று சுந்தரிக்குத் தெரியும்.

வீட்டில் ஆரத்தியோடு நின்ற சுந்தரியின் அம்மா ஞானம்பாள், நடந்து வந்தவர்களைப் பார்த்து வெலவெலத்துப் போனாள்.

"கார் எங்கே? அவர் எங்கே?"

"வண்டியைப் பிடிச்சுட்டாங்க அத்தை. மாமா வரி கட்டாம விட்டுட்டார். நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றான் பிரவின்குமார். வாசலில் நின்ற அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னான்.

செங்கல்வராயன் நாற்காலியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை. தண்ணீர்ச் சொம்பையும் தள்ளி வைத்தார்.

உள்ளறையில் ரோகிணி பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. சுந்தரி உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அப்பாவா? வீட்டு பல்பு ஃப்யூஸ் போனா, ஆபீஸ் பல்பை எடுத்துட்டு வர மனசு வராத மனுஷர். அவரா வரி ஏமாத்துவார்?"

"தலையை ஆட்டாம நில்லுடி. பூ கோணலா இருக்கு."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இன்னிக்கு இதெல்லாம் எதுக்கு? நல்ல நாளும் அதுவுமா."

ரோகிணி அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சுந்தரிக்கு.

கூடத்தில் செங்கல்வராயன் தொண்டையைச் செருமினார். சுந்தரி கதவோரம் வந்து நின்றாள்.

"அம்மா, நான் வளவளன்னு பேச மாட்டேன்" என்றார் ஞானம்பாளிடம். "உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. என் பையனும் இவதான்னு ஒத்தைக் கால்ல நிக்கறான். அதனால கல்யாணம் நடக்கும்."

ஞானம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

"ஆனா கவர்மெண்டை ஏமாத்தின கையால தாரை வார்த்துக் குடுத்து என் வீட்டுக்கு ஒரு பொண்ணு வர வேணாம். உங்க வீட்டுக்காரர் மணையில உக்காரக் கூடாது. உங்க பெரிய மாப்பிள்ளை இருக்காரே, சொந்த மாமனார்னும் பார்க்காம ரோட்ல உண்மையைச் சொன்னாரு. அதான் மனுஷன். அவரும் உங்க பெரிய பொண்ணும் உக்காந்து தாரை வார்க்கட்டும். இதுக்கு சம்மதம்னா இப்பவே தட்டு மாத்திக்கலாம்."

"ஐயோ, மாமா உயிரோட இருக்கறப்ப நான் எப்படி சார்..." என்று நெளிந்தான் பிரவின்குமார். நெளிகிறபோதே அவன் முதுகு நிமிர்ந்துகொண்டதை சுந்தரி பார்த்தாள்.

பெற்ற அப்பா உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போது, மகளைத் தாரை வார்க்க இன்னொருத்தன் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்? சுப்புராமன் செத்ததற்குச் சமம். ஞானம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

பிரவின்குமார் எழுந்து வந்து சுந்தரியின் காதருகில் சொன்னான்: "உங்கப்பா வந்ததும் நீ போய்ப் பக்குவமா எடுத்துச் சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

"நான் எப்படிங்க..."

"இல்லைன்னா பிரிஞ்சுடலாம். நான் என் வீட்டுக்கு. நீ இங்கேயே இருந்துக்கோ."

வெயில் தாழ்ந்த பிறகுதான் சுப்புராமன் வந்தார். முன்வாசல் வழியாக வர வெட்கம். கொல்லைப்பக்கம் வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வேட்டிக் கரையெல்லாம் கிரீஸ் கறை. சுந்தரியைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"அவங்க போயிட்டாங்களாம்மா?"

"இல்லப்பா. இருக்காங்க. கல்யாணம் நடக்கும்."

சுப்புராமன் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது போதும். அது போதும்மா."

சுந்தரி மிச்சத்தையும் சொன்னாள். மணை, தாரை, யார் உட்காருவது என்று. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து அதை இறுக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சுந்தரி, ஒண்ணு கேக்கறேன். மாப்பிள்ளை என்கிட்ட வரி கட்டச் சொன்னாராமே? ஆபீஸ்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். நான் அவர் கையில பணம் கொடுத்த மாதிரிதான் இருக்கு. கட்டியாச்சுன்னு அவர் சொன்ன மாதிரியும் இருக்கு. அவர் என்னைக் கட்டச் சொன்னது ஞாபகமே வரல. நெஜமா சொன்னாரா? நீ கூடத்தானே இருந்தே?"

பாருங்கள், கடவுள் ஒருத்திக்கு எத்தனை தரம்தான் கதவைத் திறந்துவிடுவார்? சுற்றிலும் ஆள் இல்லை, அதட்ட அவன் இல்லை. அப்பாவும் மகளும் மட்டும்தான். அவர் காதில் உண்மையைச் சொல்லியிருந்தால் வெளியே போயிருக்காது. அவர் அழுதுவிட்டு, எல்லாவற்றையும் மென்று விழுங்கிக்கொண்டு, அதே கூடத்துக்குப் போயிருப்பார். மனதிலாவது தன்மேல் தப்பில்லை என்று இருந்திருக்கும்.

ஆனால் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டால் அவர் கண்ணில் தான் என்னவாவோம் என்று சுந்தரி நினைத்தாள். தன்னை மட்டும்தான் நினைத்தாள்.

"சொன்னாருப்பா. நீங்கதான் மறந்துட்டீங்க."

சுப்புராமன் மெதுவாகத் தலையாட்டினார். "அப்படியா. எனக்குத்தான் புத்தி தடுமாறுது போல. மாப்பிள்ளையை நான் மனசுக்குள்ள என்னென்னமோ திட்டிட்டேம்மா. பாவம் அவர்."

கூடத்துக்குப் போனவர் நேராகப் பிரவின்குமாரின் முன்னால் நின்று கை கூப்பினார். ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள், அப்போதுதான் வந்து இறங்கியிருந்த அபிஷேக், அவனுடைய நண்பர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என்னோடதுதான் மாப்பிள்ளை. நீங்கதான் முன்னால நின்னு தாரை வார்த்துக் குடுக்கணும்."

"எழுந்திருங்க மாமா, என்ன இது" என்றான் அவன். சுப்புராமன் நின்றுகொண்டுதான் இருந்தார். குனிந்த குனிவைப் பார்த்து, காலில் விழுகிறார் என்றே நினைத்துவிட்டான்.

செங்கல்வராயனுக்குத் திருப்தி. "பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார்.

ரோகிணி வந்தாள். நமஸ்காரம் பண்ணவில்லை. நடுக்கூடத்தில் நின்றாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்கப்பா இப்படிச் செஞ்சிருப்பார்னு எனக்கு நம்பிக்கை வரல. அந்தச் சந்தேகத்தோட உங்க வீட்டுக்கு வர எனக்கு இஷ்டமில்ல. எங்க அக்கா என் தலையில கை வெச்சு, அப்பாதான் வரி கட்டாம விட்டார்னு சொல்லட்டும். நான் நம்பிடறேன்."

கூடம் கசமுசவென்றது. "ஏய், என்ன இது பைத்தியக்காரத்தனம்!" என்று எழுந்தான் பிரவின்குமார். முதல் தடவையாக அவன் குரல் பிசிறியது.

"கேக்கட்டும் சார், நியாயமாத்தான் கேக்குது பொண்ணு" என்று அவனை உட்கார வைத்தார் செங்கல்வராயன்.

சுந்தரி நகரவில்லை. அப்போது சுப்புராமனே அவள் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார்.

"போம்மா. தங்கச்சி மனசு சமாதானம் ஆகட்டும். உண்மையைத்தானே சொல்லப் போறே."

கூடப்பிறந்தவள் தலையில் கை வைத்துப் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று சுந்தரிக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில் வளர்ந்தவள்தான் அவளும். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். பூச்சரத்தின் மேல் வைத்தாள்.

"அப்பாதான் கட்டல" என்றாள்.

குரல் நன்றாகத் தெளிவாக வந்தது. அவளுக்கே அது ஆச்சரியம்.

ரோகிணி நிமிர்ந்தாள். அக்காவின் கையைத் தலையிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கட்டிக்கொள்கிறவள் போல நெருங்கி, அவள் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்:

"நிச்சயத்துக்கு அழைக்கறதுக்காக, வண்டி வித்த பாண்டி பாய் வீட்டு நம்பரை அப்பா எனக்குக் கொடுத்திருந்தார்க்கா. மத்தியானம் பேசினேன். பாயோட சம்சாரம் ஹபீபாம்மா எல்லாம் சொன்னாங்க. வரி கட்டலைன்னு பாய் சொன்னப்ப, நீ டீ குடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தியாமே."

சுந்தரி கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை.

ரோகிணி சிரித்த முகத்தோடு சம்பந்தியின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குச் சம்மதம் மாமா. ஆனா மணையில அக்காவும் அக்கா வீட்டுக்காரரும்தான் உக்காரணும். அதை மட்டும் யாரும் மாத்தக் கூடாது. எல்லாரும் பார்க்க, இந்தக் கையாலதான் என்னைத் தாரை வார்க்கணும்."

ஜெகதாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, அக்கா மேல இன்னா பாசம் இந்தப் பொண்ணுக்கு!" என்று புருஷனிடம் சொன்னாள்.

தட்டு மாற்றினார்கள். சுப்புராமன் ஓரமாகக் கதவுப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாயில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரோகிணியின் நகங்கள் சுந்தரியின் மணிக்கட்டில் பதிந்திருந்தன. சடங்கு முடியும்வரை அவள் அந்தக் கையை விடவே இல்லை.